பாலில் எடுத்த கொழுப்பு எங்கே போயிற்று?

1977-ஆம் ஆண்டு ஜனவரியில் அமெரிக்க செனட் சபையின் குழு ஒன்று, அந்நாட்டு மக்கள் என்ன உண்ண வேண்டும் என்பது பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. ஜார்ஜ் மெக்கவர்ன் என்பவர் அக்குழுவின் தலைவர். கொழுப்பைக் குறையுங்கள், உப்பைக் குறையுங்கள், சர்க்கரையைக் குறையுங்கள், முழுக் கொழுப்புள்ள பாலுக்குப் பதிலாகக் கொழுப்பு நீக்கிய பாலை அருந்துங்கள் என்பன அதன் பரிந்துரைகளுள் சில. மாரடைப்பைப் பற்றிய அச்சம் அந்நாட்டில் பரவியிருந்த காலம் அது.

பாலைப் பொறுத்தவரை மக்கள் சொன்னபடி கேட்டார்கள். கொழுப்புக் குறைந்த பாலின் விற்பனை ஆண்டுதோறும் ஏறியது. 1980-களின் பிற்பகுதியில் அது முழுக் கொழுப்புப் பாலின் விற்பனையையே முந்திவிட்டது. அறிவுரை வென்றது என்றுதான் எவரும் நினைப்பார்கள்.

ஆனால் அதே ஆண்டுகளுக்குரிய இன்னொரு கோடு இருக்கிறது. அது சீஸ் என்னும் பாலாடைக்கட்டியின் கோடு. 1970-இல் ஓர் அமெரிக்கர் சராசரியாக ஆண்டுக்குச் சுமார் 5 கிலோ சீஸ் உண்டார். 2000-இல் அது 13 கிலோவைத் தாண்டியது. 2020-களில் ஏறக்குறைய 18 கிலோவைத் தொட்டது. ஒரு கோடு இறங்க இறங்க மற்றொரு கோடு ஏறிக்கொண்டே வந்திருக்கிறது.

இயற்பியல் படித்தவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஆற்றலோ நிறையோ ஓரிடத்தில் குறைந்தால், அது வேறு எங்கே கூடியது என்று தேடுவார்கள். பாலில் எடுத்த கொழுப்பையும் அப்படித் தேடிப் பார்ப்போம். அதற்கு முன், சீஸ் என்பது என்ன, அதை ஏன் சில நாட்டார் மிகுதியாகவும் சில நாட்டார் அரிதாகவும் உண்கிறார்கள் என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பெயரும் பொருளும்

முதலில் பெயர். பாலாடைக்கட்டி என்ற சொல் நம் அகராதிகளில் நிலைத்துவிட்டது. எனினும் அது பொருத்தமான சொல் அன்று. பாலைக் காய்ச்சி ஆறவிட்டால் மேலே படிவது ஆடை. அந்த ஆடையைத் திரட்டிக் கட்டியாக்கினால் சீஸ் கிடைக்காது. பாலைத் திரியச் செய்து, நீரை வடித்து, எஞ்சியதைக் கட்டியாக்கினால் கிடைப்பதே சீஸ். ஆகவே பாற்கட்டி என்பதே சரி. எழுதவும் எளிது. இனி அவ்வாறே எழுதுகிறேன்.

100 கிராம் பசும்பாலில் சுமார் 87 கிராம் நீர். கொழுப்பு ஏறக்குறைய 4 கிராம், பால் சர்க்கரையாகிய லாக்டோஸ் 5 கிராமுக்குச் சற்றுக் குறைவு, புரதம் 3 கிராமுக்குச் சற்று அதிகம். புரதத்தில் ஐந்தில் நான்கு பங்கு கேசின் என்னும் வகை. கேசின் மூலக்கூறுகள் பாலில் தனித்தனியே திரிவதில்லை. ஆயிரக்கணக்கில் சேர்ந்து சிறு உருண்டைகளாக மிதக்கின்றன. ஓர் உருண்டையின் விட்டம் மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒன்று அல்லது இரண்டு பங்கு. இவற்றின் மேற்பரப்பில் மயிர் போன்ற இழைகள் நீட்டிக்கொண்டிருக்கும். அங்கே எதிர் மின்னேற்றமும் உண்டு. ஓரினமான மின்னேற்றங்கள் ஒன்றையொன்று விலக்கும் அல்லவா? அதனால்தான் உருண்டைகள் ஒட்டிக்கொள்ளாமல் மிதக்கின்றன. பால் பாலாகவே இருக்கிறது.

இந்த விலக்கத்தைக் கெடுக்க இரண்டு வழிகள் உண்டு. எலுமிச்சைச் சாறு போன்ற ஓர் அமிலத்தைச் சேர்த்து மின்னேற்றத்தைச் சமன் செய்துவிடலாம். பனீர் செய்வது இம்முறையில்தான். அல்லது ரென்னட் என்னும் பொருளைச் சேர்க்கலாம். இது கன்றின் இரைப்பையிலிருந்து பழங்காலம் முதல் எடுக்கப்பட்டு வந்தது. இக்காலத்தில் பெரும்பாலும் நுண்ணுயிர்களின் துணையால் தயாராகிறது. ரென்னட்டில் உள்ள நொதி, உருண்டைகளின் மேலுள்ள இழைகளைக் கத்தரித்துவிடுகிறது. காப்பு நீங்கிய உருண்டைகள் கைகோத்து வலைபோல் பின்னிக்கொள்கின்றன. அந்த வலைக்குள் கொழுப்புத் துளிகள் சிக்கிக்கொள்கின்றன. நீரும் பால் சர்க்கரையும் பெரும்பாலும் தெளிநீராக வடிந்து போகின்றன. சுமார் 10 லிட்டர் பாலிலிருந்து ஒரு கிலோ செடார் வகைப் பாற்கட்டி கிடைக்கும். 10 லிட்டரில் இருந்த கொழுப்பில் பெரும்பங்கு அந்த ஒரு கிலோவுக்குள் அடங்கிவிடுகிறது. இந்தச் செய்தியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

யார் எவ்வளவு உண்கிறார்கள்?

பிரான்ஸ் நாட்டினர் ஆளுக்கு ஆண்டொன்றுக்குச் சுமார் 26 கிலோ பாற்கட்டி உண்கின்றனர். கிரேக்கர், ஜெர்மானியர், இத்தாலியர் ஆகியோரும் அவர்களை ஒட்டியே வருகின்றனர். கால்வாய்க்கு அப்பால் உள்ள பிரிட்டனில் அதில் பாதியும் இல்லை. ஜப்பானில் இரண்டு அல்லது மூன்று கிலோ. சீனாவிலோ அரைக் கிலோவுக்கும் குறைவு. இப்புள்ளிவிவரங்களைப் பார்க்கும்போது சற்று எச்சரிக்கை தேவை. பிரெஞ்சுக் கணக்கில் நம் கெட்டித் தயிர் போன்ற புதிய பாற்கட்டியும் சேர்ந்திருக்கிறது. நம் நாட்டுப் பனீரோ, வங்காளத்து ரசகுல்லாவில் சேரும் சானாவோ பல உலக அட்டவணைகளில் கணக்கிலேயே வருவதில்லை.

இந்த வேறுபாட்டுக்குச் சட்டென்று சொல்லப்படும் காரணம் பால் சர்க்கரை. லாக்டோஸைச் செரிக்க லாக்டேஸ் என்ற நொதி வேண்டும். எல்லாக் குழந்தைகளுக்கும் அது சுரக்கிறது. வளர்ந்த பின் உலக மக்களில் பெரும்பாலோருக்கு அச்சுரப்பு குறைந்துவிடுகிறது. வட ஐரோப்பியரில் பத்தில் ஒன்பது பேருக்கு ஆயுள் முழுதும் நீடிக்கிறது. கிழக்காசியரில் மிகச் சிலருக்கே. தென்னிந்தியரிலும் சிறுபான்மையோருக்குத்தான். ஆகவே வடக்கே பாற்கட்டி, கிழக்கே இல்லை என்று முடித்துவிடலாம் போலத் தோன்றும்.

இந்த விளக்கம் நிற்காது. பால் சர்க்கரை தெளிநீரோடு போய்விடுகிறது என்று பார்த்தோம். மீந்ததைப் பாக்டீரியாக்கள் தின்று லாக்டிக் அமிலமாக்கிவிடுகின்றன. பல மாதம் முதிர்ந்த பாற்கட்டியில் லாக்டோஸ் அறவே இல்லை என்றே சொல்லலாம். பாலைச் செரிக்க முடியாதவர்களும் பாலின் சத்தைப் பெறுவதற்கு மனிதன் கண்ட வழிதான் பாற்கட்டி என்று கருத இடமிருக்கிறது. போலந்து நாட்டில் ஏழாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட, துளைகள் நிறைந்த மட்பாண்டத் துண்டுகள் கிடைத்தன. பீட்டர் போகுக்கி என்ற தொல்லியலார் 1980-களில் அவற்றைப் பாற்கட்டி வடிகட்டிகள் என்று ஊகித்தார். 2012-இல் பிரிஸ்டல் பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த மெலானி சால்க்கும் ரிச்சர்ட் எவர்ஷெட்டும் பிறரும் அத்துண்டுகளில் ஊறியிருந்த கொழுப்பை ஆராய்ந்து, அது பால் கொழுப்பே என்று காட்டினர். அந்தப் பழங்கால ஐரோப்பியருக்குப் பெரும்பாலும் லாக்டேஸ் நீடிக்கவில்லை என்பது மரபணு ஆய்வின் முடிவு. மங்கோலியர் நிலையும் இதைப் போன்றதே. லாக்டேஸ் நீடிப்போர் அங்கே குறைவு. ஆயினும் உலர்ந்த தயிர்க்கட்டி அவர்களுடைய அன்றாட உணவு.

என் கணிப்பில் இதைவிட வலுவான காரணங்கள் வெப்பநிலையும் உப்பும். பாற்கட்டி முதிர்வது என்பது கட்டுப்பாட்டோடு நடக்கும் அழுகல் என்றே சொல்லலாம். வேண்டிய நுண்ணுயிர் மெதுவாக வேலை செய்ய வேண்டும். வேண்டாதது தலையெடுக்கக் கூடாது. இதற்கு ஏறத்தாழ 8 முதல் 15 டிகிரி செல்சியஸ் வரையுள்ள, ஈரம் மிகுந்த இடம் வேண்டும். குளிர்பதனப் பெட்டி இல்லாத காலத்தில் இது குகைகளிலும் நிலவறைகளிலும்தான் கிடைத்தது. தெற்கு பிரான்ஸில் ரோக்ஃபோர் என்ற ஊரை ஒட்டிய கொம்பாலூ மலையில், பாறைச் சரிவால் உண்டான குகைகள் உள்ளன. பாறையின் வெடிப்புகள் வழியே காற்று இயற்கையாகவே ஓடுகிறது. ஆண்டு முழுவதும் குளிர்ச்சியும் ஈரமும் ஏறக்குறைய மாறுவதில்லை. செம்மறியாட்டுப் பாலில் செய்த, நீலப் பூசணம் ஓடிய ரோக்ஃபோர் பாற்கட்டி இக்குகைகளில்தான் முதிர்கிறது.

நிலவறையே 30 டிகிரியில் இருக்கும் நாட்டில் என்ன செய்வது? அந்த வெப்பத்தில் பால் கொழுப்பு பெரும்பாலும் இளகிவிடும், கட்டியிலிருந்து கசியும். வெயில் நாடுகள் உப்பை நாடின. கிரேக்கரின் ஃபெட்டா உப்பு நீரிலேயே ஊறிக் கிடக்கிறது. எகிப்தியரின் தொம்யாத்திப் பாற்கட்டிக்குப் பால் உறைவதற்கு முன்பே உப்பைக் கொட்டிவிடுகிறார்கள். நம் தமிழ்நாடோ வேறு வழியில் சென்றது. பாலை உறை ஊற்றித் தயிராக்கி, கடைந்து வெண்ணெய் எடுத்து, அதை உருக்கி நெய்யாக்கினோம். நீரே இல்லாத இடத்தில் நுண்ணுயிர் வாழ முடியாது. ஆதலால் நெய் மாதக்கணக்கில் கெடுவதில்லை. பாற்கட்டி செய்யும் நாட்டார் புரதத்தையும் கொழுப்பையும் சேர்த்துச் சேமித்தனர். நாம் கொழுப்பை மட்டும் சேமித்து, புரதத்தை மோராக அன்றன்றே குடித்துவிட்டோம்.

குளிர் நாடுகளுக்குள்ளேயே ஊருக்கு ஊர் பாற்கட்டியின் வடிவம் மாறுவதற்கு ஓர் எளிய வடிவ கணிதம் காரணம். வட இத்தாலியின் பார்மெசான் வட்டு ஒன்று சுமார் 40 கிலோ எடை. குறுக்கே 42 சென்டிமீட்டர், உயரம் 25 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டு அதன் மேற்பரப்பைக் கணக்கிட்டுப் பாருங்கள். ஒரு கிராமுக்கு 0.15 சதுர சென்டிமீட்டர் வரும். பிரான்ஸின் நார்மண்டிப் பகுதியைச் சேர்ந்த காமம்பேர் வில்லையோ 250 கிராம்தான். குறுக்களவு 10½, கனம் 3 சென்டிமீட்டர். இதில் கிராமுக்கு 1.1 சதுர சென்டிமீட்டர். ஏழு மடங்கு! பெரிய வட்டிலிருந்து நீர் மெதுவாகவே வெளியேறும். குறைந்தது ஓராண்டு முதிர வைக்கலாம். சிறிய வில்லை சில வாரங்களில் பழுத்துவிடும். விரைவில் விற்றாக வேண்டும். ஆல்ப்ஸ் மலை மேய்ப்பர்களும் பெரிய வட்டுகளையே செய்தனர். கோடை முழுதும் மலைமேல் இருந்துவிட்டு இலையுதிர் காலத்தில் ஒரே முறை சுமையைக் கீழே இறக்குபவர்களுக்கு அதுதான் வசதி. காமம்பேருக்கோ பாரிஸ் நகரச் சந்தை பக்கத்தில் இருந்தது. 1850-களில் ரயிலும் வந்தது. 1890-ஐ ஒட்டி மெல்லிய மரப்பெட்டியும் வந்தது. அதன் பிறகே அது நாடறிந்த பண்டமாயிற்று.

கொழுப்பின் வரவு செலவு

இப்போது அமெரிக்காவுக்குத் திரும்புவோம்.

பாலிலிருந்து கொழுப்பைப் பிரிப்பது எளிது. கொழுப்பின் அடர்த்தி தண்ணீரினும் குறைவு. கொழுப்பு நீங்கிய பாலின் அடர்த்தி தண்ணீரினும் சற்று அதிகம். எனவே துளிகள் மேலே எழும்பும். துளியோ மிகச் சிறியது. தானாக எழும்ப மணிக்கணக்கில் ஆகும். ஸ்வீடன் நாட்டின் குஸ்தாவ் தெ லவால் 1878-இல் பாலை வேகமாகச் சுழற்றிக் கொழுப்பை இடைவிடாது பிரித்தெடுக்கும் எந்திரத்தைச் செய்தார். புவியீர்ப்பு மணிக்கணக்கில் செய்ததை மையவிலக்கு விசை நொடிகளில் செய்தது.

ஒரு குடும்பம் நாளுக்கு ஒரு லிட்டர் பால் வாங்குகிறது என்போம். அதில் 35 கிராம் கொழுப்பு. மருத்துவர் சொற்படி 1 சதவீதக் கொழுப்புள்ள பாலுக்கு மாறினால் 10 கிராம்தான். நாளுக்கு 25 கிராம் மிச்சம். ஆண்டுக்கு 9 கிலோ. இது வீட்டுக் கணக்கு. நாட்டுக் கணக்கு வேறு. செனட் குழுவின் அறிக்கை பசுவுக்குத் தெரியாது. அது எப்போதும் போலக் கொழுப்புள்ள பாலைத்தான் கறக்கிறது. பிரித்தெடுத்த 9 கிலோவை யாரும் சாக்கடையில் ஊற்றுவதில்லை. அதற்கு விலை உண்டு. அது வெண்ணெயாகும், ஐஸ்கிரீமாகும், பாற்கட்டிக்கான பாலில் சேரும். குடிப்பதற்கு விலைபோகாத பால் முழுதாகவே பாற்கட்டித் தொட்டிக்குப் போகும்.

அமெரிக்காவில் இதில் அரசின் கையும் இருந்தது. பால் விலை விழாமல் இருக்க, விற்காத வெண்ணெயையும் பாற்கட்டியையும் பால் பொடியையும் அரசே வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு 1949-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் நடந்து வந்தது. அறிக்கை வெளியான அதே 1977-இல் இந்த ஆதரவு விலை உயர்த்தப்பட்டது! கொழுப்பைக் குறை என்று அரசின் ஒரு கை எழுத, பாலைப் பெருக்கு என்று மற்றொரு கை பணம் கொடுத்தது. வாங்கியதை வைக்க இடம் போதவில்லை. மிசௌரி மாநிலத்தில் சுண்ணாம்புக்கல் வெட்டி எடுத்த சுரங்கங்களிலும் பாற்கட்டியை அடுக்கினார்கள். 1981 டிசம்பரில் அரசின் கிடங்குகளில் 56 கோடி பவுண்டு பாற்கட்டி கிடந்தது; பவுண்டு என்பது அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. அதில் 3 கோடி பவுண்டை ஏழைகளுக்கு இலவசமாக வழங்க அதிபர் ரீகன் ஆணையிட்டார்.

இலவசம் ஒருபுறம் இருக்க, பெரும்பங்கு வேறு வழியில் மக்களிடம் சென்றது. அந்த வழியின் பெயர் பீட்சா. அதன் மேல் உருக்கி ஊற்றும் மொஸரெல்லா, 2010-ஐ ஒட்டிச் செடாரை முந்தி அமெரிக்காவில் மிகுதியாக உண்ணப்படும் பாற்கட்டியாயிற்று. பால் குவளையின் மேல் கொழுப்பு எவ்வளவு என்று படித்துப் பார்ப்பவர், பீட்சாவின் மேல் உள்ளதைப் படிப்பதில்லை. அங்கே அது உணவாகத் தெரிகிறது, பாலாகத் தெரிவதில்லை. வேளாண்மைத் துறையின் மேற்பார்வையில் இயங்கும் பால் விற்பனை ஊக்க அமைப்பு, பாற்கட்டி அதிகம் இட்ட பீட்சாக்களை உருவாக்க ஒரு நிறுவனத்துக்கு உதவிய செய்தி 2010-இல் செய்தித்தாள்களில் வெளிவந்தது. அதே துறைதான் பூரிதக் கொழுப்பைக் குறைக்கும்படி மக்களுக்கு அறிவுரை கூறுகிறது. வெண்ணெய், நெய் போல அறை வெப்பநிலையில் உறையும் இனம்தான் பூரிதக் கொழுப்பு. இரத்தத்தில் கொலஸ்டிராலைக் கூட்டுவது.

பின்லாந்து காட்டும் வேடிக்கை

அப்படியானால் பாற்கட்டிதான் குற்றவாளி என்று முடிவு கட்டலாமா? பின்லாந்தின் கதையைக் கேட்டால் தயங்குவீர்கள்.

ஆன்செல் கீஸ் என்ற அமெரிக்க அறிவியலார் 1958-இல் தொடங்கி ஏழு நாடுகளில் நடத்திய புகழ்பெற்ற ஆய்வில், இதய நோயால் மிகுதியாக இறந்தவர்கள் கிழக்குப் பின்லாந்து ஆண்கள். மிகக் குறைவாக இறந்தவர்கள் கிரேக்க நாட்டுக் கிரீட் தீவினர். பின்லாந்துக்காரர் ரொட்டியில் வெண்ணெயைத் தடித்துப் பூசினர், கொழுப்பு நிறைந்த பாலைக் குவளை குவளையாகக் குடித்தனர், புகைத்தனர், உப்பையும் அள்ளிப் போட்டனர். 1972-இல் வடக்குக் கரேலியா மாவட்டத்தில் இதை மாற்றும் திட்டம் ஒன்று தொடங்கியது. அதற்குத் தலைமை ஏற்ற பெக்கா புஸ்காவுக்கு அப்போது முப்பது வயது நிரம்பவில்லை.

அவர் சொற்பொழிவோடு நிற்கவில்லை. மார்த்தா என்ற மாதர் சங்கத்தின் பெண்கள் ஊர் ஊராக விருந்து வைத்துக் காய்கறி சேர்த்த புதுச் சமையலை அறிமுகப்படுத்தினார்கள். குளிர் நாட்டில் வளரும் கடுகு இனச் செடியிலிருந்து எண்ணெய் எடுக்கப்பட்டது. பால் பண்ணைக்காரர்களின் பிழைப்பு கெடும் என்ற எதிர்ப்பு இயல்பாகவே எழுந்தது. அவர்களுள் சிலர் காட்டுப் பெர்ரிப் பழங்களைப் பயிரிட உதவி பெற்றனர். அதிக உப்புள்ள உணவுப் பொதிகளில் அதைக் குறிப்பிட வேண்டும் என்ற விதி 1993-இல் வந்தது. வேலை செய்யும் வயதுடைய ஆண்கள் இதய நோயால் இறப்பது அடுத்த முப்பத்தைந்து ஆண்டுகளில் 80 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது. பொதுச் சுகாதார வரலாற்றில் இதற்கு இணையான வெற்றிகள் சிலவே.

இப்போது பாற்கட்டிக் கோட்டைப் பாருங்கள். நோய் உச்சத்தில் இருந்த 1970-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பின்லாந்துக்காரர் ஆளுக்குச் சுமார் 5 கிலோதான் உண்டனர். நோய் விழுந்துவிட்ட 2010-களில் அது 20 கிலோவைத் தாண்டியிருந்தது. இவ்விரு கோடுகளை மட்டும் ஒரு வரைபடத்தாளில் வரைந்து காட்டினால், பாற்கட்டி இதய நோயைத் தடுக்கிறது என்று யாரும் சத்தியம் செய்வார்கள்! அது தவறு. அதே காலத்தில் வெண்ணெய் போயிற்று, புகை குறைந்தது, உப்பு குறைந்தது, மருத்துவம் முன்னேறியது. பெக்கா புஸ்காவின் வெற்றியைப் பாற்கட்டியின் பெயரில் எழுதிவைக்க முடியாது. பிரான்ஸில் பாற்கட்டி மிகுதி, இதய நோய் குறைவு என்று 1991-இல் அமெரிக்கத் தொலைக்காட்சி ஒன்று சொல்லப்போய், சிவப்புத் திராட்சை மதுதான் காரணம் என்று அங்கே மது விற்பனை எகிறியதும் இதே வகைப் பிழைதான்.

பாற்கட்டியை மட்டும் தனியே சோதித்தவர்களும் உண்டு. டென்மார்க்கில் ஏறத்தாழ ஐம்பது பேருக்கு ஆறு வாரம் வெண்ணெயும் ஆறு வாரம் பாற்கட்டியும் கொழுப்பு அளவு சமமாக இருக்கும்படி கொடுத்துப் பார்த்தனர். 2011-இல் வெளியான முடிவின்படி, வெண்ணெய் உண்ட வாரங்களைவிடப் பாற்கட்டி உண்ட வாரங்களில் தீமை செய்யும் கொலஸ்டிரால் குறைவாகவே இருந்தது. கட்டியில் உள்ள கால்சியம், கொழுப்பு அமிலத்தோடு சேர்ந்து சோப்பு போன்ற ஒரு பொருளாகி உடலில் சேராமல் வெளியேறுகிறது என்பது ஒரு விளக்கம். கொழுப்பு புரத வலைக்குள் அடைபட்டிருப்பது மற்றொரு விளக்கம். ஆக, கொழுப்பு எவ்வளவு என்பதோடு, எந்தப் பொருளுக்குள் இருக்கிறது என்பதும் கணக்கில் வருகிறது. இதைக் கேட்டுப் பாற்கட்டி மருந்து என்று துள்ளிவிட வேண்டாம். வெண்ணெயோடு ஒப்பிட்டால் மேல் என்பதுதான் சோதனை சொன்னது. பருப்போடும் கடலையோடும் ஒப்பிடவில்லை.

பொதியில் எழுதியிருப்பது

100 கிராம் செடாரில் புரதம் 25 கிராம், கால்சியம் 700 மில்லிகிராமுக்கு மேல். இவை வளரும் பிள்ளைகளுக்கு நல்லவையே. கூடவே 33 கிராம் கொழுப்பு. அதில் 20 கிராம் பூரித வகை. நாளுக்கு 2,000 கிலோ கலோரி உண்பவருக்கு உலகச் சுகாதார நிறுவனம் வகுத்த பூரிதக் கொழுப்பின் வரம்பு சுமார் 22 கிராம். 30 கிராம் துண்டு என்றால் வரம்பில் நாலில் ஒரு பங்கு. 100 கிராம் என்றால் அன்றைய வரம்பு அநேகமாகத் தீர்ந்தது.

கொழுப்பு அளவை எழுதும் முறையிலும் ஒரு சூழ்ச்சி உண்டு. ஐரோப்பியப் பொதிகளில் நெடுங்காலம் உலர் பொருளில் இவ்வளவு சதவீதம் என்றே எழுதினார்கள். கட்டி முதிரும்போது நீர் ஆவியாகும். மொத்த எடை தினமும் மாறும். உலர் பொருளின் எடை அவ்வளவாக மாறாது. எனவே செய்பவர்களுக்கு இது நேர்மையான அளவு. உண்பவருக்கோ குழப்பம். 45 சதவீதம் என்று எழுதிய காமம்பேரில் பாதிக்கு மேல் நீர். உண்மையில் 100 கிராமில் கொழுப்பு 22 கிராம்தான். பார்மெசானில் நீர் 30 சதவீதத்தை ஒட்டியே இருப்பதால் பார்வைக்கு உலர்ந்திருக்கும் அதில்தான் கொழுப்பு கூடுதல். மென்மையானது கொழுத்தது, கெட்டியானது மெலிந்தது என்று கண் சொல்வது இங்கே தலைகீழ். பிரான்ஸில் 2007-இல் விதியை மாற்றி, மொத்த எடையில் எவ்வளவு கொழுப்பு என்று எழுதச் செய்தார்கள்.

கொழுப்பை எடுத்துவிட்ட பாற்கட்டியும் விற்கிறது. அதை மென்றால் ரப்பர் போலிருக்கும். கொழுப்புத் துளிகள்தாம் புரத வலையில் ஆங்காங்கே இடைவெளி விட்டு அதை இளக்கமாக்கியவை. அவை போனபின் வலை இறுகிவிடுகிறது. சூடாக்கினாலும் சரியாக உருகாது. இதை ஈடு செய்ய நீரைக் கூடுதலாக நிறுத்தி வைப்பார்கள். நீரின் விலையையும் நாம்தான் கொடுக்கிறோம்.

கொழுப்பைவிட நம்மவர் கவனிக்க வேண்டியது உப்பு என்பேன். துளைகள் உள்ள சுவிஸ் எம்மென்டாலில் 100 கிராமுக்கு ஒரு கிராம் உப்பும் இராது. செடாரில் 1.8 கிராம். ரோக்ஃபோரில் 3½ கிராம். உணவுப் பொதிகளில் பச்சை முதல் சிவப்பு வரை நிற எழுத்திட்டு நலத்தைக் காட்டும் முறை 2017-இல் பிரான்ஸில் வந்தது. ரோக்ஃபோருக்குக் கடைசி எழுத்துகள் விழுந்தன. 2021-இல் அதைச் செய்வோர் கிளர்ந்தெழுந்தனர். எங்கள் பண்டத்தின் செய்முறை சட்டத்தால் கட்டுண்டது, அதை மாற்ற எங்களால் இயலாது. ஆலையில் செய்யும் உணவோ கலவையை மாற்றி நல்ல எழுத்து வாங்கிக்கொள்கிறது என்றனர். அவர்கள் பேச்சில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் உப்பு உப்புதான். குகையில் முதிர்ந்தது என்பதற்காக இரத்த அழுத்தம் அதற்குச் சலுகை காட்டாது.

நம் ஊர்க் கடைகளில் சதுரத் துண்டுகளாகவும் ஏடுகளாகவும் கிடைப்பது பெரும்பாலும் பதப்படுத்திய பாற்கட்டி. செடார் போன்றதை உருக்கி, சோடியம் சிட்ரேட்டோ பாஸ்பேட்டோ சேர்த்து, கொழுப்பு பிரியாமல் மீண்டும் உறைய வைத்தது. அந்தச் சோடியமும் உப்போடு கூடுகிறது.

ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். 4.5 சதவீதக் கொழுப்புள்ள நிலைப்படுத்திய பாலை விட்டு 3 சதவீதமுள்ள சமன்படுத்திய பாலுக்கு ஒரு வீடு மாறுகிறது. நாளுக்கு ஒரு லிட்டர். நாளுக்கு 15 கிராம், வாரத்துக்கு 105 கிராம் கொழுப்பு குறைந்தது. அதே வீட்டில் பிள்ளைகளுக்காக வாரம் இரண்டு முறை 200 கிராம் பாற்கட்டிப் பொதி வாங்குகிறார்கள். பதப்படுத்திய பாற்கட்டியில் கொழுப்பு சுமார் 25 சதவீதம். ஆகவே 100 கிராம் கொழுப்பு உள்ளே வந்தது. மிச்சம் வாரத்துக்கு 5 கிராம். பொதியின் பின்புறம் சோடியம் எத்தனை மில்லிகிராம் என்றும் அச்சிட்டிருக்கும். அதை இரண்டரையால் பெருக்கினால் உப்பின் அளவு கிடைக்கும். அதையும் எழுதி, இந்த 5 கிராமுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.